புதிய பேசி யாருக்கு?



வீட்டில் புதிய திறன்பேசி ஒன்று வாங்கலாம் என்று பேச்சு எழுந்தால், இன்று பெரியவர்கள் முதலில் கருத்துக் கேட்பது உங்களிடந்தான். எந்த நிறுவனத்தின் பேசி நல்லது, எதன் கேமரா தெளிவானது, எந்த நாளில் தள்ளுபடி மிகுதி என்பனவெல்லாம் உங்களுக்கு அத்துப்படி. உங்கள் தாத்தாக்கள் காலத்தில் வீட்டுக்கு ஒரு தொலைபேசி இணைப்புப் பெறப் பதிவுசெய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள் பலர். அப்போது அது பெரியவர்கள் மட்டுமே முடிவு செய்யும் செய்தி. இப்போது உங்கள் சொல்லுக்கு மதிப்பு வந்திருக்கிறது. மதிப்பு வந்தால் பொறுப்பும் உடன் வரும். ஆகவே, திறன்பேசியைத் தேர்ந்தெடுப்பது பற்றி உங்களோடு சில செய்திகளைப் பேச விரும்புகிறேன்.

நம் வீடுகளில் வழங்கும் ஒரு வழக்கத்தை முதலில் நோக்குவோம். அப்பா புதிய பேசி வாங்குகிறார். அவருடைய பழைய பேசி அம்மாவிடம் வருகிறது. அம்மா வைத்திருந்தது படிக்கும் பிள்ளைக்குப் போகிறது. பிள்ளை வைத்திருந்தது, திரையில் கீறலோடும் அரைநாள்கூட நில்லாத பேட்டரியோடும், கோடை விடுமுறையில் ஊருக்குப் போகும் பெட்டியில் ஏறுகிறது. பாட்டி, ஆச்சி, அப்பத்தா, அம்மாயி என எப்பெயரால் அழைத்தாலும், வரிசையின் கடைசியில் நிற்பவர் அவரே. 'பாட்டிக்கு என்ன, பேசத்தானே வேண்டும்?' என்று சொல்லி நாம் மனநிறைவு அடைகிறோம்.

இவ்வழக்கம் மாற வேண்டும் என்பது என் கருத்து. நம்மைப் போலப் பணியின் பொருட்டு ஊரைவிட்டு வந்து, தில்லியிலும் புனேயிலும் போபாலிலும் வாழும் குடும்பங்களுக்கு இது மேலும் பொருந்தும். உள்ளூரில் இருக்கும் பேரப்பிள்ளைகள் வாசலைத் தாண்டி வந்து பாட்டியைப் பார்ப்பார்கள். நீங்கள் அந்தச் சிறு திரையின் வழியாகத்தான் வருகிறீர்கள். அத்திரை மங்கினால் உங்கள் முகமும் மங்கும். அப்பேசி அணைந்தால் உங்கள் குரலும் அணையும். எனவே 'எந்தப் பேசி வாங்கலாம்?' என்ற வினாவுக்கு முன்னே, 'யாருக்கு எந்தப் பேசி தேவை?' என்ற வினாவை எழுப்புதல் வேண்டும்.

பழையது உண்மையிலேயே பழையதா?

'பேசி மெதுவாகிவிட்டது' என்று நாம் குறை கூறும்போது, பழுது பெரும்பாலும் ஒரு சிறு உறுப்பில்தான் இருக்கும். அவற்றுள் முதன்மையானது பேட்டரி. திறன்பேசிகளில் இருப்பது இலித்தியம் அயனி பேட்டரி. இதனை உருவாக்கிய அறிவியலறிஞர்களான ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்காம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இத்தகைய பேட்டரி, மின்னேற்றி மின்னேற்றிப் பயன்படுத்துந்தோறும் தன் கொள்ளளவைச் சிறிது சிறிதாக இழக்கும். ஐபோன் 14 வரையிலான மாதிரிகளின் பேட்டரி, 500 முழு மின்னேற்றச் சுற்றுகளுக்குப் பின்னும் தொடக்கக் கொள்ளளவில் 80 விழுக்காட்டைத் தக்கவைக்கும்படி வடிவமைக்கப்பட்டது என ஆப்பிள் நிறுவனம் கூறுகிறது. ஐபோன் 15 மாதிரிகளில் அவ்வெண்ணிக்கை 1000 ஆக உயர்ந்தது. நாள்தோறும் ஒரு சுற்று என்று கொண்டால், 500 சுற்றுகள் என்பது ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு.

பேட்டரி முதுமை அடைந்தால் பேசியே முதுமை அடைந்ததுபோலத் தோன்றும். பேட்டரி தேய்ந்த ஐபோன்கள் திடீரென அணைந்துவிடாதிருக்க அவற்றின் வேகத்தை மென்பொருள் வழியாகக் குறைத்ததாக ஆப்பிள் நிறுவனம் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. அதனையொட்டிப் பேட்டரி மாற்றும் கட்டணத்தையும் குறைத்தது. பேட்டரியை மாற்றியவர்கள் பழைய வேகத்தைத் திரும்பப் பெற்றனர். புதிய பேசிக்குப் பணம் சேர்ப்பதற்கு முன், நிறுவனத்தின் சேவை மையத்தில் புதிய பேட்டரிக்கு என்ன விலை என்று கேட்டறிவது நன்று. புதிய பேசியின் விலையில் அது ஒரு சிறு பங்கே ஆகும்.

இரண்டாவது காரணம் இடநெருக்கடி. குடும்பக் குழுக்களில் நாள்தோறும் வந்து குவியும் காலை வணக்கப் படங்களும் காணொளிகளும் சேமிப்பிடத்தை நிரப்பிவிடும். இடம் நிறைந்த பேசி தளர்ந்து நடக்கும். தேவையற்றவற்றை நீக்கினாலே பல பேசிகள் மீண்டும் சுறுசுறுப்பாகும். பேட்டரியையும் இடத்தையும் சரிசெய்த பின்னும் குறை தீரவில்லையெனில், அப்போது புதிய பேசியைப் பற்றி எண்ணலாம்.

ஒரு பேசியின் ஆயுள் எது?

கண்ணாடி உடையாமலும் உறை நிறம் மாறாமலும் இருக்கும் பேசிகூட ஒரு நாளில் காலாவதி ஆகும். மென்பொருளில் குறைகள் கண்டறியப்படும்போதெல்லாம் நிறுவனங்கள் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை அனுப்புகின்றன. எத்தனை ஆண்டு அனுப்புவது என்பதற்கு ஒவ்வொரு நிறுவனமும் ஒரு வரையறை வைத்திருக்கிறது. அவ்வாண்டுகள் முடிந்தபின் புதிதாகக் கண்டறியப்படும் குறைகள் அடைக்கப்படா. வங்கிச் செயலிகளும் பிறவும் ஒவ்வொன்றாக அப்பேசியைக் கைவிடும். ஆண்ட்ராய்டு 4.4 இயங்குதளம் கொண்ட பேசிகளில் வாட்ஸ்ஆப் 2025 ஜனவரி முதல் இயங்குவதில்லை. அவ்வியங்குதளம் வெளிவந்த ஆண்டு 2013. பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் அதன் காலம் முடிந்துவிட்டது.

ஆகவே, பேசி வாங்கும்போது நான் முதலில் பார்க்கச் சொல்வது, அதற்கு இன்னும் எத்தனை ஆண்டுகள் பாதுகாப்புப் புதுப்பிப்பு வரும் என்பதையே. கூகுள் நிறுவனம் 2023இல் வெளியிட்ட பிக்சல் 8 வரிசைக்கும், சாம்சங் நிறுவனம் 2024இல் வெளியிட்ட கேலக்ஸி எஸ்24 வரிசைக்கும் ஏழு ஆண்டுகள் புதுப்பிப்பு வழங்குவதாக அறிவித்துள்ளன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள், ஒரு மாதிரியின் விற்பனை முடிந்த நாளிலிருந்து குறைந்தது ஐந்து ஆண்டுகள் புதுப்பிப்பு வழங்கப்பட வேண்டும் என்கின்றன. 800 மின்னேற்றச் சுற்றுகளுக்குப் பின்னும் பேட்டரி 80 விழுக்காடு கொள்ளளவைத் தக்கவைக்க வேண்டும் என்றும் அவ்விதிகள் கூறுகின்றன. பேசியின் ஆயுளை ஆண்டுக்கணக்கில் கேட்கும் உரிமை வாங்குவோருக்கு உண்டு என்பதை உலகம் மெல்ல ஏற்று வருகிறது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. நிறுவனங்கள் புதுப்பிப்பு ஆண்டுகளை மாதிரி வெளியான நாளிலிருந்து கணக்கிடுவதே வழக்கம். நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அன்று. நான்கு ஆண்டு உறுதியோடு வெளியான பேசியை, இரண்டு ஆண்டு கழித்துத் தள்ளுபடியில் வாங்கினால், உங்களுக்கு மிஞ்சுவது இரண்டே ஆண்டுகள். விலை குறைந்ததுபோலவே ஆயுளும் குறைந்திருக்கிறது.

'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்பது மூத்தோர் சொல். இதனை ஒரு கணக்காகச் செய்து பாருங்கள். 12,000 ரூபாய்க்கு ஒரு பேசி; அதற்கு எஞ்சிய புதுப்பிப்பு இரண்டு ஆண்டுகள். 20,000 ரூபாய்க்கு மற்றொன்று. அதற்கு ஐந்து ஆண்டுகள். முன்னதற்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் செலவாகிறது. பின்னதற்கு ஆண்டுக்கு 4,000 ரூபாய்தான். விலைச்சீட்டைப் பார்த்தால் முன்னது மலிவு. வகுத்துப் பார்த்தால் பின்னதே மலிவு. வகுத்தல் கணக்கை நீங்கள் தொடக்க வகுப்பிலேயே கற்றுவிட்டீர்கள். விளம்பரத்தைப் படிக்கும்போது அதனை மறவாதிருந்தால் போதும்.

எண்களைக் கண்டு மயங்க வேண்டா

விளம்பரங்களில் பேரெழுத்தில் இடம்பெறும் எண்கள் எல்லாம் நமக்குப் பயன் தருவன அல்ல. 50 மெகாபிக்சல் கேமரா என்றவுடன் 12 மெகாபிக்சல் கேமராவைவிட நான்கு மடங்கு தெளிவு என்று எண்ணிவிடுகிறோம். அத்தகைய கேமராக்கள் பல, நான்கு நான்கு புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து 12.5 மெகாபிக்சல் படத்தையே வழக்கமாகத் தருகின்றன. ஏ4 தாள் அளவில் தெளிவாக அச்சிடுவதற்கு ஏறத்தாழ 9 மெகாபிக்சல் போதும். மங்கிய வெளிச்சத்தில் படம் எப்படி வருகிறது என்பதைக் கடையில் எடுத்துப் பார்த்தறிவதே, பெட்டியின் மேலுள்ள எண்ணைவிட நம்பத்தக்கது.

சேமிப்பிடத்திலும் கவனம் வேண்டும். 128 ஜிபி என்று எழுதியிருந்தாலும் அதில் ஒரு பகுதியை இயங்குதளமே எடுத்துக்கொள்ளும். 5ஜி சேவை நம் நாட்டில் 2022 அக்டோபர் 1 அன்று தொடங்கியது. ஐந்து ஆண்டுகள் வைத்துக்கொள்ளப்போகும் பேசியில் அவ்வசதி இருப்பது நன்று. ஆனால், ஊரில் அதன் அலைவரிசை கிடைக்கவில்லையெனில், அதற்காக மட்டும் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை. விளையாட்டில் காட்சிகள் வழுக்கிச் செல்ல உதவும் வேகமான செயலி சில்லு உங்களுக்கு விருப்பமாக இருக்கலாம். ஆயினும், உங்கள் பரிந்துரையை நம்பிப் பணம் செலுத்துபவர் அந்த விளையாட்டை ஆடுபவர் தாமா என்று ஒரு முறை எண்ணிப் பாருங்கள்.

ஊரில் இருப்பவரின் தேவை

இப்போது வரிசையின் கடைசியில் நிற்பவரிடம் வருவோம். அவருக்குப் 'பேசத்தானே வேண்டும்' என்பது பழங்காலப் பேச்சு. ஓய்வூதியம் பெறுவோர் தாம் உயிரோடு இருப்பதை ஆண்டுதோறும் மெய்ப்பிக்க வேண்டும். இதனை மின்னணு வழியில் செய்வதற்காக நடுவணரசு 2014 நவம்பரில் ஜீவன் பிரமாண் என்னும் திட்டத்தைத் தொடங்கியது. 2021 நவம்பரில், திறன்பேசியின் கேமராவில் முகத்தைக் காட்டியே அச்சான்றிதழைப் பெறும் வசதியும் வந்தது. மூட்டுவலியோடு வங்கிப் படியேற இயலாத தாத்தாவுக்கு இது பெருந்துணை. ஆனால், மிகப் பழைய இயங்குதளத்தில் அதற்குரிய செயலி இயங்காது. கேமராவும் ஓரளவு தெளிவாக இருத்தல் வேண்டும். மருத்துவமனைச் சீட்டைப் படமெடுத்து மகனுக்கு அனுப்புவது, மகள் அனுப்பிய பணம் வந்ததா என்று பார்ப்பது, இரவில் உடல்நலம் குன்றினால் அயலாரை அழைப்பது ஆகிய யாவும் அதே பேசியில்தான் நிகழ்கின்றன. உங்கள் பேசி நண்பகலில் அணைந்தால் அம்மாவின் பேசியை வாங்கிப் பேசுவீர்கள். தனித்து வாழும் பாட்டியின் பேசி அணைந்தால், அவர் யார் பேசியை வாங்குவார்?

அவருக்கான பேசியில் பார்க்க வேண்டியவை வேறு. பேட்டரி ஒரு முழு நாளுக்கு மேல் நிற்க வேண்டும். ஒலிபெருக்கி உரக்க ஒலிக்க வேண்டும். வெயிலில் முற்றத்தில் அமர்ந்து பார்த்தாலும் திரை தெரிய வேண்டும். எழுத்தைப் பெரிதாக்கினால் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாதிருக்க வேண்டும். தமிழில் படிக்கவும் எழுதவும் எளிதாக இருக்க வேண்டும். இந்தியாவில் விற்கப்படும் பேசிகளில், அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளிலும் செய்திகளைப் படிக்க இயல வேண்டும் என்பதை இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐஎஸ் 16333 என்னும் தரத்தில் வகுத்துள்ளது. அவ்வசதி எல்லாப் பேசிகளிலும் உறங்கிக் கிடக்கிறது. அமைப்புகளுக்குள் சென்று மொழியைத் தமிழாக மாற்றிக் கொடுக்க வேண்டியவர் நீங்கள். வெளிமாநிலத்தில் வளரும் நீங்கள் தமிழைக் கற்பதற்கு இதைவிடச் சிறந்த உடனடிப் பயன் ஒன்றை நான் காட்ட இயலாது.

மறுப்புகளும் விடைகளும்

இக்கருத்துக்குச் சில மறுப்புகள் எழும். அவற்றுள் நியாயமும் உண்டு.

'அப்பாவின் பணிக்கு நல்ல பேசி தேவையல்லவா?' என்பது முதல் மறுப்பு. தேவைதான். பேசியை நம்பிப் பணி செய்பவருக்குப் புதியது செல்வதில் தவறில்லை. நான் வேண்டுவது, வினாவை எழுப்பிவிட்டு முடிவு செய்ய வேண்டும் என்பதே. வயது வரிசையோ வருமான வரிசையோ தானாக முடிவு செய்துவிடக் கூடாது.

'முதியோருக்குப் பழகிய பேசியே போதும். புதியது அவர்களைக் குழப்பும்' என்பது இரண்டாம் மறுப்பு. இதுவும் உண்மை. பச்சைப் பொத்தான் இருந்த இடத்தில் இல்லையென்றால் அவர்கள் திகைப்பார்கள். அதற்காகவே, அவர்கள் பழகிய அதே நிறுவனத்தின் பேசியைத் தேர்ந்தெடுக்கலாம். விடுமுறையின் கடைசி நாளில் கையில் திணித்துவிட்டுத் தொடர்வண்டி ஏறாமல், முதல் நாளிலேயே கொடுத்து, உடனிருந்து பழக்க வேண்டும். உங்களுக்கு எழுத்தறிவித்த பொறுமையில் பாதியை நீங்கள் அவர்களிடம் காட்டினால் போதும்.

'அவ்வளவு பணத்துக்கு எங்கே போவது?' என்பது மூன்றாம் மறுப்பு. பாட்டிக்கு விலையுயர்ந்த பேசி வேண்டும் என்று நான் கூறவில்லை. இன்னும் சில ஆண்டுகள் புதுப்பிப்பு வரக்கூடிய பழைய பேசிக்குப் புதிய பேட்டரி போட்டுக் கொடுத்தால், அதுவும் நல்ல கொடையே. காலம் முடிந்த பேசியைக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்ததாக எண்ணுவதையே மறுக்கிறேன். புதிய பேசி எல்லாத் தீங்குகளையும் தடுத்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். காவல்துறை என்று கூறி அச்சுறுத்திப் பணம் பறிக்கும் வஞ்சகரின் அழைப்பு எந்தப் பேசிக்கும் வரும். பணத்தை இழந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்கு முறையிட வேண்டும் என்பதைப் பேசியோடு சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள்.

கைமாறும் நாளில்

பழைய பேசியிலிருந்து புதியதற்கு மாறும் நாளில் பலர் அவசரப்பட்டு, பின்னர் வருந்துகின்றனர். மறைந்த தாத்தா அனுப்பிய குரற்செய்தி எந்தக் கடையிலும் மீண்டும் கிடைக்காது. எனவே, படங்களையும் உரையாடல்களையும் முதலில் காப்புப்படி எடுத்துவைக்க வேண்டும். ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு மாறுவோர் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். கூகுள் டிரைவில் வைத்த வாட்ஸ்ஆப் காப்புப்படியை ஐபோனில் நேராக மீட்டெடுக்க இயலாது; அதற்குரிய மாற்றுச் செயலியின் வழியாகவே கொண்டுசெல்ல வேண்டும். எல்லாம் வந்து சேர்ந்தனவா என்று புதிய பேசியில் திறந்து பார்த்த பின்னரே பழையதை அழிக்கலாம். அழிக்கும் முன் கணக்குகளிலிருந்து வெளியேற வேண்டும்; இல்லையெனில் அடுத்தவர் திறக்கும்போது பழைய கடவுச்சொல்லைக் கேட்கக்கூடும்.

பிறர் பயன்படுத்திய பேசியை விலைக்கு வாங்குவதாயின், *#06# என்று அழுத்தினால் தோன்றும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கேஒய்எம் என்பதற்குரிய மூன்று ஆங்கில எழுத்துகளையும், ஓர் இடைவெளி விட்டு அவ்வெண்ணையும் தட்டச்சு செய்து, 14422 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், அப்பேசியின் விவரம் கிடைக்கும். திருட்டுப் பேசியை அறியாமல் வாங்குவதைத் தவிர்க்க இது உதவும்.

யாருக்கும் பயன்படாத பேசியைக் குப்பைத் தொட்டியில் இடுதல் கூடாது. நசுங்கிய பேட்டரி தீப்பற்றும். மின்கழிவு மேலாண்மை விதிகள் 2022, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. கழிவுக்கான பொறுப்பை அவை உற்பத்தியாளர்மீது சுமத்துகின்றன. நம் கடமை, உரிய சேகரிப்பு மையத்தில் அதனைச் சேர்ப்பதே.

மாணவர்களே, அடுத்த முறை வீட்டில் உங்களிடம் கருத்துக் கேட்கும்போது ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டிலும் ஊரிலுள்ள உறவினர் வீட்டிலும் இருக்கும் பேசிகளை வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று செய்திகளைக் குறியுங்கள்: பேட்டரி எத்தனை மணி நேரம் நிற்கிறது? புதுப்பிப்பு எந்த ஆண்டு வரை வரும்? அதனை வைத்திருப்பவர் அதனால் செய்யும் பணிகள் யாவை? அத்தாளை மேசைமேல் வைத்துக் குடும்பத்தார் அனைவரும் பார்த்தால், புதிய பேசி யாருக்குச் செல்ல வேண்டும் என்பதை யாரும் வாதிட வேண்டியிராது. அத்தாளின் கடைசி வரியில் ஊரிலிருப்பவரின் பெயரை எழுத மறந்துவிடாதீர்கள்.

சிந்தித்து எழுதுக

1. ஒரு பேசியின் ஆயுளை முடிவு செய்வது எது என ஆசிரியர் கருதுகிறார்? இரண்டு எடுத்துக்காட்டுகளுடன் விளக்குக.
2. 15,000 ரூபாய் விலையுள்ள ஒரு பேசிக்கு மூன்று ஆண்டுகளும், 24,000 ரூபாய் விலையுள்ள மற்றொன்றுக்கு ஆறு ஆண்டுகளும் புதுப்பிப்பு எஞ்சியுள்ளன. எது சிக்கனமானது? கணக்கிட்டுக் காட்டுக.
3. ஆசிரியர் எடுத்துரைக்கும் மூன்று மறுப்புகளுள் உங்களுக்கு வலிமையாகத் தோன்றுவது எது? ஏன்?
4. ஊரிலுள்ள உங்கள் பாட்டி அல்லது தாத்தாவிடம், அவருடைய பேசியில் உள்ள குறைகளைக் கேட்டறிந்து, அவர் கூறிய சொற்களிலேயே பத்து வரிகளில் எழுதுக.